ஓடைவழி வந்தவன்

சிலுப்பன் என்ற முள்ளம்பன்றிக்கு உலகத்தில் யார் மேலும் நம்பிக்கை கிடையாது. காற்று அடித்தால் யார் அனுப்பினார்கள் என்று திரும்பிப் பார்ப்பான். பழம் விழுந்தால் மரத்தை முறைப்பான். போகிற வழியில் யாராவது "சாப்பிட்டாச்சா அண்ணே?" என்று கேட்டுவிட்டால் போச்சு. "இவன் ஏன் கேட்கிறான்? நான் சாப்பிடப் போகும் நேரம் தெரிந்து இவனுக்கு என்ன ஆக வேண்டும்?" என்று அன்று முழுக்க முள்ளைச் சிலிர்த்துக்கொண்டே திரிவான்.

அவன் குடியிருந்தது ஒரு மலைச்சரிவில். அந்த ஊரை யாரும் கட்டவில்லை. ஓடைதான் கட்டியது. மழைக்கு மழை இறங்கி வந்து சரிவைக் குடைந்து, மேடை மேடையாக வெட்டிப் போட்டுவிட்டுப் போயிருந்தது. அந்த மேடைகளில் முயல்களும் முள்ளம்பன்றிகளும் வளை தோண்டிக்கொண்டன. தண்ணீர் ஒதுக்கிய மணலில் ஊர்க்கூட்டம் நடந்தது. தண்ணீர் அறுத்துவிட்ட இடுக்குதான் தெரு.

மலை உச்சிப் பக்கம் இருந்தவர்களுக்கு மேலோடைக்காரர்கள் என்று பெயர். அடியில் இருந்தவர்கள் கீழோடைக்காரர்கள். போக வர இரண்டு வழி இருந்தது. ஒன்று பாதை. அது மொட்டைப்பாறையைச் சுற்றிக்கொண்டு, அவசரமே இல்லாமல் மலையடிவாரம்வரை வளைந்து வளைந்து இறங்கும். இன்னொன்று ஓடை. அது நேராக இறங்கும். கால் பலமுள்ளவன் ஒரே ஓட்டத்தில் வந்துவிடலாம்.

ஆனால் ஓடைவழியாக யாரும் இறங்கி வரக் கூடாது. அது கீழோடையின் சட்டம். அந்தச் சட்டத்தைப் போட வைத்தவன் சிலுப்பன்.

காரணம் இல்லாமல் இல்லை. போன மழைக்காலத்தில் ஒரு குள்ளநரி ஓடைத் தண்ணீருக்குள்ளேயே நடந்து இறங்கி வந்தது. தண்ணீரில் நடந்தால் தடமும் கிடையாது, வாடையும் கிடையாது. சிலுப்பனின் வளை ஓடைக்கரையில் இருந்தது. அவனுடைய தலைச்சன் குட்டி வாசலில் விளையாடிக்கொண்டிருந்தது. முள் இன்னும் கெட்டிப்படாத குட்டி. சிலுப்பன் கிழங்கு தோண்டிக்கொண்டு திரும்பி வந்தபோது வாசலில் யாரும் இல்லை. வாசலுக்கும் ஓடைக்கும் நடுவே நரியின் ஈரத் தடம் மட்டும் இருந்தது.

அந்தத் துக்கம் அவனை விட்டுப் போகவே இல்லை. அழுது தீர்த்திருந்தால் ஒருவேளை ஆறியிருக்கும். அவன் அழவில்லை. யார் மேல் பழி போடலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தான்.

யோசித்து யோசித்து ஆளைப் பிடித்துவிட்டான். மினுக்கன்! மேலோடையின் மடுவில் குடியிருக்கும் நீர்நாய். எந்நேரமும் தண்ணீரில் கிடப்பவன். பளபளவென்று உடம்பு. எதற்கெடுத்தாலும் பல்லைக் காட்டிச் சிரிப்பு.

"அவன் கண்ணில் படாமல் நரி இறங்கியிருக்க முடியுமா? பார்த்திருக்கிறான்! பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறான்!"

ஒருநாள் பாதையில் மினுக்கனே எதிரே வந்தான். "அண்ணே, அன்னைக்கு நரி வந்தப்ப நான்..." என்று தொடங்கினான். சிலுப்பன் சடாரென்று திரும்பி முள்ளை விரித்து முதுகைக் காட்டினான். முள்ளம்பன்றி முதுகைக் காட்டினால் பேச்சு முடிந்தது என்று பொருள். மினுக்கன் சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டு போய்விட்டான்.

அடுத்த ஐப்பசி பிறந்தது. மழை பிடித்தது, விடவே இல்லை. ஓடை இரு கரையும் தொட்டுக்கொண்டு ஓடியது. அதன் இரைச்சலில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதுகூடக் கேட்காது. மழைக்காலம் முழுக்கக் கீழோடைக்காரர்கள் ஒருவர் காதில் ஒருவர் வாயை வைத்துத்தான் பேசிக்கொள்வார்கள்.

ஒருநாள் காலையில் இரைச்சல் நின்றது.

மழை கொட்டிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் ஓடையைக் காணோம்! முதலில் இளைத்தது. பிறகு கல் கல்லாகத் தலை காட்டியது. கடைசியில் குட்டை குட்டையாகக் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நின்றது, அவ்வளவுதான். காட்டுக்கோழி செம்பி கிளையிலிருந்து குதித்து வந்தாள். ஊரில் எது நடந்தாலும் முதலில் கூவுவது அவள்தான்.

"ஐயய்யோ, என் குரல் எனக்கே கேக்குதே!" என்று அலறினாள்.

எல்லோரும் ஓடைக்குள் இறங்கிக் கூடிவிட்டார்கள். ஊர்த்தலைவர் கொம்பையா என்ற கிழட்டுக் கடமான். அவர் மெல்லக் குனிந்து ஒரு குட்டையை மோந்து பார்த்தார்.

"மழை கொட்டுது, ஓடை வத்துது. எனக்கு இது நல்லதாப் படல" என்றார்.

"எப்படி நல்லதாப் படும்?" என்று சிலுப்பன் பாய்ந்தான். "திருடிட்டாங்க! ஓடையையே திருடிட்டாங்க! மேலோடைக்காரங்க தண்ணியை மறிச்சுட்டாங்க!"

"இந்த மழையில தண்ணியைத் திருடி என்னப்பா பண்ணப் போறாங்க? நனையவா?"

"அதைத்தான் நானும் கேக்குறேன், தலைவரே! என்ன பண்ணப் போறாங்க? நமக்குத் தெரியாம என்னமோ பண்ணப் போறாங்க!"

கொம்பையா மறுபடியும் குட்டையை மோந்து பார்க்கக் குனிந்தார்.

செம்பிக்குச் சொல்ல ஒரு விஷயம் கிடைத்துவிட்டது. "நேத்து சாயங்காலம் பாதைமேட்டுல மேய்ஞ்சுக்கிட்டு இருந்தேன். அந்த மினுக்கன் மடுவுக்குள்ள கல்லைக் கல்லைப் புரட்டிக்கிட்டு இருந்தான். என் ரெண்டு கண்ணாலயும் பார்த்தேன்!"

மினுக்கன் தினமும்தான் கல்லைப் புரட்டுவான். கல்லுக்கு அடியில் நண்டு இருக்கும், அதைத் தின்றுதான் அவன் பிழைப்பு நடந்தது. ஊருக்கே தெரிந்த சங்கதி அது. ஆனால் அன்று அது யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

"கல்லைப் புரட்டினானா? அணை கட்டியிருக்கான்!" என்றான் சிலுப்பன். "ஏன் தெரியுமா? ஓடை வத்தினா சத்தம் இல்ல, ஆழம் இல்ல. நரிக் கூட்டம் காஞ்ச ஓடைவழியா ஜாலியா இறங்கி வரும். நம்ம குட்டிங்களை அள்ளிக்கிட்டுப் போகும். இதுக்குத்தான் தண்ணியை நிறுத்தியிருக்கான்!"

மேலே போய்த் திருடனைப் பிடிப்பது என்று முடிவானது. ஓடைவழியாக இறங்கி வரத்தான் கூடாது. ஏறிப் போகத் தடையில்லை. எல்லோரும் காய்ந்த ஓடை வழியாகவே ஏறிப் போவது என்று பேசிக்கொண்டார்கள்.

அதற்கு முன் சிலுப்பன் தன் வளைக்கு ஓடினான். மனைவி கோரையையும் இரண்டு குட்டிகளையும் உள்ளே தள்ளினான். பெரிய கல்லாகப் பார்த்து உருட்டி வந்து வாசலை அடைத்தான். இடுக்கில் சின்னக் கல்லைத் திணித்தான்.

"ஏங்க, காத்து வர வேண்டாமா?" என்று உள்ளிருந்து கோரை கேட்டாள்.

"காத்து வர்ற ஓட்டையிலதான் நரியும் வரும்!"

"நீங்க யாரைத்தாங்க நம்புவீங்க?"

"கல்லை நம்புவேன். கல்லு யார்கூடவும் சேராது" என்று சொல்லிவிட்டு இன்னொரு கல்லைத் திணித்தான்.

இதைப் பார்த்த முயல்களும் அப்படியே செய்தன. கரையோரம் இருந்த வளைகளில் ஒன்று பாக்கியில்லாமல் கல்லால் அடைபட்டது. உள்ளே குட்டிகள், வெளியே மழை. சிலுப்பனுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. இனி எந்த நரி வந்தாலும் வரட்டும்!

திரும்பி வருகிற வழியில் ஒரு வேடிக்கை. நண்டுகள்! ஓடைக்குள்ளிருந்து வரிசையாகக் கரை ஏறிப் போய்க்கொண்டிருந்தன. பெரிய நண்டு, சின்ன நண்டு, வயிற்றுக்கடியில் குஞ்சு சுமந்த நண்டு. சிலுப்பன் குறுக்கே போய் நின்றான்.

"எங்க போறீங்க?"

"மேட்டுக்கு" என்றது முன்னால் போன நண்டு.

"யார் சொல்லிப் போறீங்க?"

"தண்ணி சொல்லிச்சு."

"என்ன சொல்லிச்சு?"

"ஒண்ணும் சொல்லல. அதான் போறோம்" என்றது நண்டு. "கொட்டுற மழையில தண்ணி வாயை மூடிக்கிட்டா, அங்க நாங்க இருக்க மாட்டோம். நீயும் இருக்காதே. வழியை விடு!"

சிலுப்பன் கூட்டத்தைப் பார்த்துக் கத்தினான். "பார்த்தீங்களா? நண்டுங்களும் உடந்தை! மினுக்கனோட ஆளுங்க!"

நண்டைத் தின்கிறவனும் நண்டும் எப்படிக் கூட்டாளிகள் ஆவார்கள் என்று அந்தக் கூட்டத்தில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. சந்தேகம் பிடித்தவனுக்கு எல்லாமே சாட்சி.

அவர்கள் கிளம்பி ஓடையின் திருப்பம்வரை போயிருப்பார்கள். மேலேயிருந்து கல் உருளும் சத்தம் கேட்டது. ஒரு கறுத்த உருவம் பாறைக்குப் பாறை தாவிக்கொண்டு தலைதெறிக்க இறங்கி வந்தது. மினுக்கன்!

"நில்லு!" என்று சிலுப்பன் முள்ளை விரித்து ஓடையை மறித்தான். மற்றவர்கள் சுற்றி வளைத்துக்கொண்டார்கள்.

மினுக்கனுக்கு மூச்சு வாங்கியது. பாதமெல்லாம் ரத்தம்.

"மேட்டுக்கு ஏறுங்க! எல்லாரும் மொட்டைப்பாறைக்கு ஏறுங்க! மலை சரிஞ்சிருச்சு!"

"நீ எந்த வழியா வந்தே?"

"மேல இடுக்குல மரமும் பாறையும் மண்ணுமா வந்து ஓடையை அடைச்சிருச்சு, அண்ணே! தண்ணியெல்லாம் அதுக்குப் பின்னாடி குளமாட்டம் நிக்குது. ஏறிக்கிட்டே இருக்குது. இப்பவே கசியுது. உடைஞ்சா..."

"கேட்டதுக்குப் பதில் சொல்லு. எந்த வழியா வந்தே?"

"ஓடைவழியா."

"ஒத்துக்கிட்டான்! தன் வாயாலேயே ஒத்துக்கிட்டான்!" என்று செம்பி சிறகடித்துக்கொண்டு குதித்தாள்.

"பாதைவழியா வந்திருந்தா நேரமாகியிருக்கும், அண்ணே! அதான்..."

"அப்ப ஒண்ணு பண்ணு" என்றான் சிலுப்பன். அவன் குரலில் ஊர்ச் சட்டமே பேசியது. "வந்த வழியே திரும்பிப் போ. மேல போய்ப் பாதையைச் சுத்திக்கிட்டு முறையா வா. அதுக்கப்புறம் நீ சொல்றதைக் கேக்குறோம்."

மினுக்கன் வாயைப் பிளந்தான். "நான் சுத்திக்கிட்டு வர்றதுக்குள்ள, கேக்குறதுக்கு இங்க யாரும் இருக்க மாட்டீங்க!"

"பார்த்தீங்களா, மிரட்டுறான்!"

கொம்பையா முன்னால் வந்தார். "கொஞ்சம் பொறு, சிலுப்பா. பையன் காலைப் பாரு. திருட வர்றவன் இப்படிக் காலைக் கிழிச்சுக்கிட்டா வருவான்?"

"அதுதான் தலைவரே தந்திரம்! நாம மேட்டுக்கு ஏறிட்டா குட்டிங்க எல்லாம் தனியா இருக்கும். போன வருஷம் இவன் கூட்டாளி என் ஒரு குட்டியைத்தான் தூக்கினான். இந்த வருஷம் மொத்தமா வாரிக்கிட்டுப் போகப் பார்க்கிறான்!"

"அண்ணே!" என்றான் மினுக்கன். "அன்னைக்கு நரி இறங்கினதைப் பார்த்தேன். இல்லேன்னு சொல்லல. பார்த்ததும் கத்தினேன். தொண்டை கிழியக் கத்தினேன். ஓடைச் சத்தத்துல உங்க யார் காதுலயும் விழல. அதான் இந்தத் தடவை அங்க நின்னு கத்தாம நானே ஓடி வந்தேன்."

ஒரு கணம் சிலுப்பனின் உள்ளே என்னமோ ஆடியது. இவன் சொல்வது உண்மையாக இருந்தால்? உண்மையாக இருந்தால், இத்தனை நாள் அவன் பொத்திப் பொத்தி வளர்த்த கோபத்துக்கு ஆளே இல்லாமல் போய்விடும். அதை அவனால் தாங்க முடியாது.

"பொய்! பச்சைப் பொய்! என் குட்டியைப் பத்தி நீ பேசாதே!" என்று அலறினான்.

அப்போது கல் இடுக்குகளில் மெலிதாக ஒரு தண்ணீர்க் கோடு இறங்கி வந்தது. செம்மண் நிறம். எல்லோர் காலையும் நனைத்துக்கொண்டு போனது.

"ஆகா! இவன் மாட்டிக்கிட்டது தெரிஞ்சு, மேல இருக்கிறவங்க கொஞ்சம் திறந்து விட்டுட்டாங்க!" என்றான் சிலுப்பன்.

மினுக்கன் அந்தச் சிவப்புத் தண்ணீரையே பார்த்தான்.

"குட்டிங்க எல்லாம் எங்க இருக்கு, அண்ணே?" என்று மெல்லக் கேட்டான்.

"பத்திரமா வளைக்குள்ள இருக்கு. கல்லு வெச்சு அடைச்சிருக்கேன். உன் பாச்சா பலிக்காது!"

மினுக்கன் ஒருமுறை மேலே பார்த்தான். ஒருமுறை சிலுப்பனைப் பார்த்தான். பிறகு, அந்த நிலைமையிலும், பல்லைக் காட்டிச் சிரித்தான்!

"சரியான ஆளுதான் நீங்க" என்றான். "உங்ககிட்ட மறைக்க முடியுமா? ஆமா, நான்தான் திருடன்! உங்க ஓடையைத் திருடி மொட்டைப்பாறை மேல தேக்கி வெச்சிருக்கோம். எங்க ஆளுங்க அங்கதான் காவல் இருக்காங்க."

"அப்படி வா வழிக்கு!"

"இன்னொண்ணும் சொல்றேன். முன்வாசலைக் கல்லு வெச்சு அடைச்சீங்க. பின்பக்கம்? நரிங்க மேலயிருந்து வளையைத் தோண்டிக்கிட்டு இருக்கும் இந்நேரம். நான் உங்களை இங்க பேச்சுல நிறுத்தி வைக்கத்தான் வந்தேன்!"

அடுத்த நொடி அங்கே ஒரே கூச்சல். உண்மையைச் சொன்னபோது ஓர் அடி நகராதவர்கள், இப்போது தலைகால் புரியாமல் ஓடினார்கள்.

ஆனால் சிலுப்பன் திருடனை அப்படியே விட்டுவிட்டுப் போவானா? ஓடைக்கரையில் ஒரு பெரிய நாவல் மரம் நின்றது. அதன் வேர்களுக்கு நடுவில் கூண்டு மாதிரி ஒரு பொந்து. மினுக்கனை அதற்குள் தள்ளி, பொந்தின் வாசலில் ஒரு பாறையை உருட்டிவிட்டான்.

"தப்பிக்கவா பார்க்கிறே? இங்கேயே கிட!"

"சரி அண்ணே. நீங்க சீக்கிரம் போங்க" என்றான் மினுக்கன்.

கொம்பையா இதைக் கேட்டுத் திரும்பினார். அகப்பட்ட திருடன் இப்படியா பேசுவான்? அந்தப் பாறையை நோக்கி ஓர் அடி வைத்தார். அதற்குள் பொந்துக்குள்ளிருந்து, "போங்க பெரியவரே! முயல்குட்டிங்க மூடிக் கிடக்குது!" என்ற குரல் வந்தது. அவர் ஓடினார்.

சிலுப்பன் தன் வளை வாசலில் கல்லைப் பிடுங்கினான். ஒழுங்காகவா அடைத்திருந்தான்? திணித்துத் திணித்து அடைத்திருந்தான்! ஒரு கல் வந்தால் இன்னொன்று சிக்கியது. நகம் பெயர்ந்தது. ஓடையில் தண்ணீர் கணுக்கால் அளவுக்கு வந்துவிட்டது. கடைசியில் கொம்பையா வந்து கொம்பைக் கொடுத்து நெம்ப, பெரிய கல் புரண்டது. கோரை குட்டிகளைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள்.

"நரி எங்க? பின்பக்கம் தோண்டினானா?"

"நரியா? உள்ள ஒரு சத்தமும் இல்லையே!"

"கேள்வி கேக்காதே! நரி திரும்ப வந்துடுவான். இங்க விட்டுட்டுப் போக முடியாது. குட்டிங்களைத் தூக்கு! மொட்டைப்பாறையில தண்ணித் திருடனுங்க இருக்கானுங்க, போய்ப் பிடிக்கணும்!"

ஊரே குட்டிகளைத் தூக்கிக்கொண்டு மொட்டைப்பாறையில் ஏறியது. முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு முதல் ஆளாக உச்சியில் குதித்தான் சிலுப்பன்.

அங்கே திருடனும் இல்லை, தேக்கிய தண்ணீரும் இல்லை. நனைந்த பாறையில் ஒரு பெண் நீர்நாய் தன் குட்டிகளை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மினுக்கனின் மனைவி கெண்டை. பக்கத்தில் மேலோடைக்காரர்கள் எல்லோரும் நடுங்கிக்கொண்டு நின்றார்கள்.

"எங்க ஓடை எங்கே?" என்று கத்தினான் சிலுப்பன்.

கெண்டை அவனை ஒன்றும் புரியாமல் பார்த்தாள். "எல்லாரும் வந்துட்டீங்களா? நல்ல வேளை! அவர் எங்கண்ணே? உங்களைக் கூப்பிடணும்னுதானே ஓடினார்?"

சிலுப்பன் பதில் சொல்ல வாயைத் திறந்தான். அதற்குள் மலை உறுமியது.

இடுக்கை அடைத்திருந்த மரமும் மண்ணும் உடைந்தன. நின்ற தண்ணீரெல்லாம் ஒன்றாக எழுந்து இறங்கியது. தண்ணீரா அது? பாறையும் அடிமரமும் சேறும் கலந்து ஒரு சுவர் போல உருண்டு வந்தது. ஊர்க்கூட்டம் நடந்த மணல் போனது. தெரு போனது. கல் வைத்து அடைத்த வாசல்கள், அடைத்த கல்லோடு சேர்ந்து போயின. சிலுப்பனின் வளை இருந்த கரை அப்படியே பெயர்ந்து விழுந்தது. அடுத்து நாவல் மரம் ஆடியது, சாய்ந்தது, வேரோடு பிடுங்கிக்கொண்டு மிதந்து மறைந்தது.

சிலுப்பன் பார்த்துக்கொண்டே நின்றான். அவன் முட்கள் ஒவ்வொன்றாகப் படிந்தன.

கொம்பையாதான் முதலில் பேசினார். "உண்மையைச் சொன்னான், பிடிச்சு அடைச்சோம். பொய்யைச் சொன்னான், பிள்ளைகளைத் தூக்கிக்கிட்டு ஓடி வந்தோம். நம்ம லட்சணம் அந்தப் பையனுக்கு நல்லாத் தெரிஞ்சிருக்கு."

"அவர் எங்கே?" என்று கெண்டை மறுபடியும் கேட்டாள். யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. செம்பிகூடக் கூவவில்லை.

மழை சற்றுத் தணிந்ததும் சிலுப்பன் பாறையிலிருந்து இறங்கினான். கோரையும் குட்டிகளோடு பின்னால் இறங்கினாள். ஓடை இடம் மாறியிருந்தது. பழைய தெருவை மண்ணால் மூடிப் போட்டுவிட்டு, ஊரின் நடுவே புதிதாக ஒரு வழி வெட்டிக்கொண்டு ஓடியது. சிலுப்பன் கரையில் நின்று கத்தினான்.

"மினுக்கா! டேய், மினுக்கா!"

தண்ணீர் இரைந்தது. இன்னும் உரக்கக் கத்தினான். தொண்டை கிழியக் கத்தினான். பக்கத்துப் பாறையில் கோரை அவனுக்கு முதுகைக் காட்டி நின்று, குட்டிகளின் உடம்பிலிருந்து சேற்றைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எட்டினால் தொட்டுவிடலாம், அவ்வளவு பக்கம். அவள் திரும்பவே இல்லை. அவள் காதில் விழவில்லை.

சிலுப்பன் பாதிக் கத்தலில் நிறுத்தினான்.

கோரைக்கே கேட்கவில்லை. அப்படியென்றால் அன்று மேல்மடுவிலிருந்து ஒருவன் கத்தினால்?

கத்தியிருக்கிறான். உண்மையாகவே கத்தியிருக்கிறான். யாரும் வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை. அந்தச் சேதியைச் சொல்ல வந்தவனுக்கு இவன்தான் முதுகைக் காட்டினான்.

சிலுப்பன் சேற்றில் உட்கார்ந்து அழுதான். தலைச்சன் குட்டிக்காக அன்று அழாத அழுகையும் சேர்ந்து வந்தது.

"ஏண்ணே, சேத்துல உக்காந்திருக்கீங்க?"

காதுக்குப் பக்கத்திலேயே ஒரு குரல். சிலுப்பன் திடுக்கிட்டுத் திரும்பினான். மினுக்கன்! ஒரு காது கிழிந்து தொங்கியது. ஒரு காலை ஊன்ற முடியாமல் நொண்டினான். மேலெல்லாம் சேறு, பளபளப்பு எங்கே போனதோ தெரியவில்லை. வெள்ளம் நாவல் மரத்தைப் பிடுங்கியபோது வாசல் பாறை உருண்டுவிட்டது. அவன் வேரைக் கவ்விக்கொண்டு மரத்தோடு மரமாக மலையடிவாரம்வரை போயிருக்கிறான். மரம் தட்டி நின்ற இடத்தில் கரையேறித் திரும்பி வந்திருக்கிறான்.

மினுக்கன் பின்னால் கையைக் காட்டினான். மொட்டைப்பாறையைச் சுற்றி வளைந்து வரும் பாதையில், சேற்றில், நொண்டிக் காலின் தடம் நீளமாகப் பதிந்திருந்தது.

"நீங்க சொன்ன மாதிரியே பாதையைச் சுத்திக்கிட்டு, முறையா வந்திருக்கேன்" என்று பல்லைக் காட்டிச் சிரித்தான். "இப்ப நான் சொல்றதைக் கேப்பீங்களா?"

"சொல்லுப்பா" என்றான் சிலுப்பன்.

"மேல இன்னும் மண்ணு நெகிழ்ந்து கிடக்குது. பாறைக்கு ஏறுங்க."

ஏன், எதற்கு, உனக்கு எப்படித் தெரியும் என்று சிலுப்பன் கேட்கவில்லை. முள்ளை ஒடுக்கிக்கொண்டான். நொண்டுகிறவனுக்குத் தோள் கொடுத்தான். கோரையையும் குட்டிகளையும் முன்னால் விட்டுப் பின்னாலேயே ஏறினான்.

எல்லோரையும் சந்தேகப்படுகிறவன் உண்மை வரும்போது கதவை அடைத்துவிட்டு, பொய் வரும்போது தானே திறந்து விடுகிறான்.